பென் கசின்ஸ்: பரிசோதனையில் சிக்காத ஐஸ் பழக்கம்

2007 அக்டோபர் 16. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில், நார்த்பிரிட்ஜ் பகுதியில் போலீசார் ஒரு காரை நிறுத்தி அதில் வந்தவரைக் கைது செய்தார்கள். நாடு முழுக்க வெளியான அந்தப் படத்தில் அவர் மேல்சட்டை இல்லாமல் நிற்கிறார். சதை துளியும் தொங்காத வயிறு, இறுகிய தோள், வயிற்றின் குறுக்கே பெரிய எழுத்தில் குத்திய பச்சை. ஆளைத் தெரியாதவரிடம் இந்தப் படத்தைக் காட்டி, இவர் போதைக்கு அடிமை என்று சொன்னால் நம்ப மாட்டார். ஜிம் விளம்பரம் என்றால் நம்பிவிடுவார்.

அவர் பென் கசின்ஸ். பந்தைக் கையாலும் காலாலும் ஆடும் ஆஸ்திரேலிய விதிக் கால்பந்தில் அந்நாடு கண்ட மிகச் சிறந்த நடுக்கள ஆட்டக்காரர்களில் ஒருவர். அன்றைக்கு அவர்மேல் போட்ட போதைப்பொருள் குற்றச்சாட்டு பின்னால் கைவிடப்பட்டது. ஆனால் பழக்கம் உண்மை. 2010-ல் தொலைக்காட்சியில் வந்த ஆவணப்படத்தில் அவரே அதை விரிவாக ஒப்புக்கொண்டார்.

மெத்தாம்ஃபெட்டமின், சுருக்கமாக மெத் (அதன் படிக வடிவம்தான் ஐஸ்), தரும் சேதத்தைப் பற்றி எழுத எத்தனையோ பேருடைய கதைகள் இருக்கின்றன. இந்த ஒருவரை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் இருக்கிறது. 2004-ல் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் மல்ட்னோமா கவுண்டி ஷெரிஃப் அலுவலகம், திரும்பத் திரும்பக் கைதானவர்களின் சிறைப் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெளியிட்டது. முதல் படத்தில் சாதாரண முகம். சில வருடம் கழித்து எடுத்த படத்தில் ஒட்டிய கன்னம், புண்கள், போன பற்கள். அன்றிலிருந்து உலகம் முழுக்க ஐஸ் விழிப்புணர்வு என்றாலே அந்த மாதிரிப் படங்கள்தான். சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் ஐஸ் பற்றிய பேச்சு சாதாரணமாகிவிட்ட இந்தக் காலத்தில் நம் மனதிலும் அதே முகம்தான் பதிந்திருக்கிறது. அந்தப் படங்கள் பொய்யில்லை. ஆனால் அவை காட்டுவது நோயின் கடைசிக் கட்டத்தை. பிள்ளையின் முகம் அப்படி ஆகவில்லையே என்று நிம்மதியாக இருக்கும் பெற்றோருக்கு, முகம் பளபளப்பாக இருக்கும்போதே உள்ளே என்னவெல்லாம் போயிருக்கும் என்று கசின்ஸின் கதை காட்டுகிறது.

பின்னணி

1978 ஜூன் 30 அன்று பிறந்தார். தந்தை பிரையன் கசின்ஸும் கால்பந்து வீரர்தான். நல்ல பள்ளி, வசதியான குடும்பம், பக்கபலமான தந்தை. போதைக்கு வறுமையையும் உடைந்த குடும்பத்தையும் மட்டும் காரணமாகச் சொல்லிப் பழகியவர்களுக்கு இந்த வீட்டில் எதுவும் அகப்படாது.

1996-ல் வெஸ்ட் கோஸ்ட் ஈகிள்ஸ் அணிக்கு ஆடத் தொடங்கினார். அந்த ஆண்டே நாட்டின் தலைமைக் கால்பந்து லீகின் சிறந்த இளம் வீரர் விருது. 2001-ல் கேப்டன். 2005-ல் பிரவுன்லோ பதக்கம். ஒவ்வொரு ஆட்டத்திலும் நடுவர்கள் போடும் வாக்குகளை வைத்து, ஆட்டத் திறமையோடு ஒழுங்கையும் பார்த்துத் தரும் விருது அது. அந்தப் பருவத்தில் தடை வாங்கியவருக்குக் கிடைக்காது. அதற்கு அடுத்த ஆண்டு, 2006 இறுதிப் போட்டியில் சிட்னியை ஒரே ஒரு புள்ளியில் வென்ற அணியில் அவரும் இருந்தார்.

இந்த ஆட்டத்தில் நடுக்களத்தில் ஆடுபவர் ஒரு போட்டியில் 12 கிலோமீட்டருக்கு மேல் ஓட வேண்டும். அதிலும் ஓடுவதற்குப் பேர்போனவர் கசின்ஸ். நாட்டிலேயே மிக நல்ல இதயமும் நுரையீரலும் கொண்ட சிலரில் ஒருவர் என்று சொன்னால் மிகையில்லை. போதையும் அதே வருடங்களில்தான் கூடவே ஓடிக்கொண்டிருந்தது.

பயிற்சி ஒருபக்கம், போதை ஒருபக்கம்

கசின்ஸ் பின்னாளில் சொன்னவற்றிலிருந்து ஒரு விசித்திரமான ஒழுங்கு தெரிகிறது. மற்றவர்களைவிடக் கடுமையாகப் பயிற்சி செய்வார். அந்தக் கடுமைக்குப் பரிசாகப் போதையைத் தனக்குத்தானே கொடுத்துக்கொள்வார். பிறகு போதையில் போன நாட்களுக்குப் பிராயச்சித்தம் மாதிரி இன்னும் கடுமையாக ஓடுவார். கோகெயினும் இருந்தது, ஐஸும் இருந்தது. வெளியே இருந்து பார்த்தவர்களுக்குத் தெரிந்தது அந்த ஓட்டம் மட்டும்தான். அது அர்ப்பணிப்பாகத் தெரிந்தது. என் கணிப்பில் இந்த நோய் இத்தனை காலம் மறைந்திருக்க முதல் காரணம் இதுதான்: அவருடைய பயிற்சியும் போதையும் ஒன்றையொன்று தாங்கிப் பிடித்திருந்தன.

ஐஸ் ஏன் இப்படிப் பிடித்துக்கொள்கிறது என்பதை இங்கே சொல்லிவிடலாம். மூளையில் ஊக்கத்தையும் ஆசையையும் கிளப்பும் டோபமின், நரம்பு முனையிலிருந்து வெளிவந்து வேலை முடிந்ததும் திரும்ப உள்ளே இழுக்கப்படும். கோகெயின் அந்தத் திரும்பும் வழியை அடைக்கிறது. மெத் அதோடு நிற்பதில்லை. நரம்பு முனைக்குள் புகுந்து, சேமித்து வைத்திருக்கும் டோபமினையும் வெளியே தள்ளிவிடுகிறது. திரும்ப இழுக்க வேண்டிய வாசலையே எதிர்த்திசையில் ஓடவைக்கிறது. கோகெயினின் அளவு இரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறக்குறைய ஒரு மணி நேரம். மெத்துக்குச் சுமார் பத்து மணி நேரம் ஆகும். ஒருமுறை எடுத்தால் அன்று தூக்கம் இல்லை, பசி இல்லை. இரண்டு மூன்று நாள் அப்படியே போகும். பிறகு விழுந்தால் எழுந்திருக்க முடியாத தூக்கம், வெறுமை, எரிச்சல். அந்த வெறுமையிலிருந்து வெளியே வர மூளைக்குத் தெரிந்த ஒரே வழி இன்னொரு முறை எடுப்பதுதான்.

சரி, லீக் பரிசோதனையே செய்யவில்லையா என்றால், செய்தது. அவர் ஆடிய காலத்தில் அவர் பெயரில் ஒரு பாசிட்டிவ் முடிவுகூட வெளிவரவில்லை. ஊக்கமருந்து விதிகளின்படி மெத், கோகெயின் போன்றவை போட்டி நாளன்று உடலில் இருந்தால்தான் குற்றம். போட்டி இல்லாத நாட்களுக்காக லீக் 2005-ல் தனிக் கொள்கை ஒன்றைக் கொண்டுவந்தது. அதில் முதல் முறை பிடிபட்டால் விஷயம் மருத்துவர் அளவிலேயே நிற்கும். மூன்றாம் முறைதான் தண்டனையும் பெயரும். சிறுநீரில் மெத் தெரிவது பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு நாட்கள். வாரம் ஒரு போட்டி ஆடுபவருக்கு இந்தக் கணக்கு புரிய அதிக நேரம் ஆகாது. அந்தக் கொள்கை மருத்துவ நோக்கத்தில் எழுதப்பட்டது, அந்த நோக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் மருத்துவரிடம் வருபவருக்குத்தான் அது உதவும்.

கிளப் என்ன செய்தது? லீக் கேட்டு ஓய்வுபெற்ற நீதிபதி வில்லியம் கில்லார்ட் வெஸ்ட் கோஸ்ட் கிளப்பை விசாரித்து எழுதிய அறிக்கை 2017-ல்தான் பத்திரிகை வழியே மக்களுக்குத் தெரியவந்தது. வெற்றிதான் எல்லாம் என்ற மனநிலையில் ஆட்டக்காரர்களின் போதைப் பழக்கத்தைக் கிளப் உறுதியோடு கையாளவில்லை என்பது அதன் சாரம். ஜெயித்துக்கொண்டிருக்கும் அணியில், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஆளிடம் யார்தான் கேள்வி கேட்பார்கள்.

முதலில் போனவை

தேதி வாரியாக அடுக்கிப் பார்த்தால் உடல் விழுவதற்கு வெகு முன்னால் என்னவெல்லாம் விழுந்தது என்று தெரியும்.

2006 பிப்ரவரியில் பெர்த்தின் கேனிங் நெடுஞ்சாலையில் போலீஸ் குடிபோதைச் சோதனை நடத்திக்கொண்டிருந்தது. வரிசையில் நின்ற தன் காரை நடுரோட்டில் விட்டுவிட்டு கசின்ஸ் இறங்கி ஓடினார். கேப்டன் பதவி போனது. அந்த ஆண்டு டிசம்பரில் மெல்போர்னில் ஒரு சூதாட்ட விடுதிக்கு வெளியே சுயநினைவில்லாமல் கிடந்தவரைப் போலீஸ் கூட்டிப்போய் சில மணி நேரம் அடைத்து வைத்தது. சாம்பியன் கோப்பை வென்று மூன்று மாதம்கூட ஆகவில்லை. 2007 மார்ச்சில் பயிற்சிக்கு வராமல் போனதற்காகக் கிளப் அவரை இடைநீக்கம் செய்தது.

அந்தக் கடைசி வரியில்தான் நான் நின்றுவிட்டேன். பயிற்சிக்கு வரவில்லை. பத்து வருடம் தன் வாழ்க்கையை எந்த ஒன்றின்மேல் கட்டினாரோ, மறைப்பதற்கு எந்த ஒன்று அவருக்குத் துணையாக இருந்ததோ, அதற்கே வரவில்லை. உடம்பு அப்போதும் முன்போலவே இருந்தது. நேரம் தவறுவது, சொன்ன சொல் மாறுவது, ஆளைக் காணாமல் போவது, காரணம் கேட்டால் கோபம் வருவது எல்லாம் அதற்கு முன்னாலேயே வந்துவிட்டன. ஐஸ் பழக்கம் உள்ள வீடுகளில் கேட்டால் இதே வரிசையைத்தான் சொல்வார்கள். பல் போவது கடைசியில்தான்.

அப்போது தந்தை பிரையன் கசின்ஸ் மகனுக்குப் போதைப் பழக்கம் இருக்கிறது என்று வெளிப்படையாக அறிவித்தார். கால்பந்து வட்டாரம் முழுக்கத் தெரிந்த ஒரு தந்தை, மகனுக்காக மொத்த நாட்டின் முன்னாலும் அப்படிச் சொல்ல நேர்ந்தது சாதாரண விஷயமில்லை. அதை நான் அவமானமாகப் பார்க்கவில்லை. இந்த வரலாற்றில் உண்மையைப் பெயர் சொல்லி அழைத்த முதல் ஆள் அவர்தான்.

கசின்ஸ் கலிஃபோர்னியாவின் மாலிபுவில் உள்ள ஒரு மறுவாழ்வு மையத்துக்கு அனுப்பப்பட்டார். ஜூலையில் திரும்ப மைதானத்தில் இருந்தார். அரங்கமே எழுந்து வரவேற்றது. அக்டோபர் முதல் தேதி அவருடைய முன்னாள் சக வீரரும் நண்பருமான கிறிஸ் மெயின்வேரிங் போதைப்பொருள் தொடர்பால் 41 வயதில் இறந்தார். அன்று மாலை அவர் வீட்டுக்குப் போய் வந்தவர்களில் கசின்ஸும் ஒருவர். அந்த மரணத்துக்குப் பதினைந்தே நாளில் நார்த்பிரிட்ஜ் கைது. அடுத்த நாள் கிளப்பிலிருந்து நீக்கம். நவம்பரில் லீக் ஓராண்டுத் தடை விதித்தது.

நண்பனின் சாவைப் பக்கத்தில் இருந்து பார்த்தும் ஒருவர் நிறுத்தவில்லையே என்று கேட்கத் தோன்றும். பயம் ஒருவரை நிறுத்தும் என்றால் இந்த நோய் உலகத்தில் இருக்காது. துக்கமும் குற்ற உணர்ச்சியும் வரும்போது மூளை தனக்குத் தெரிந்த ஒரே நிவாரணத்தைத் தேடுகிறது.

உடலில் நடப்பது

ஐஸ் உடலுக்குச் செய்வதை இப்போது பார்க்கலாம். முதலில் இதயம். ஒவ்வொரு முறையும் நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் எகிறும், இரத்தக் குழாய்கள் சுருங்கும். வருடக்கணக்கில் இப்படி நடந்தால் இதயத் தசை தளர்ந்து வீங்குகிறது. இளவயதிலேயே மூச்சுவாங்கலோடு மருத்துவமனைக்கு வரும் மெத் நோயாளிகளின் எக்கோ படத்தில் தெரிவது இதுதான். நுரையீரல் இரத்தக் குழாய்களில் அழுத்தம் ஏறுவது, மூளையில் இரத்தக் கசிவு, மகாதமனிச் சுவர் கிழிவது எல்லாம் இதே வழியில் வருபவை. ஒரு நல்ல செய்தியும் உண்டு: சரியான நேரத்தில் நிறுத்தினால் தளர்ந்த இதயம் பலருக்கு ஓரளவு தேறுகிறது. விளையாட்டு வீரர்களிடம் ஆபத்து கூடுதல். ஓட்டத்தால் ஏறும் உடல் சூட்டோடு மருந்தால் ஏறும் சூடும் சேர்ந்துகொள்ளும், களைப்பு என்ற எச்சரிக்கை மணியோ அடிக்காது.

பற்களைப் பற்றி லாஸ் ஏஞ்சலஸில் 571 பேரைப் பரிசோதித்து 2015-ல் வெளியான ஆய்வு ஒன்று இருக்கிறது. 96 சதவீதம் பேருக்குச் சொத்தை இருந்தது. 31 சதவீதம் பேருக்கு ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட பற்கள் இல்லை. மருந்து பல்லை அமிலம் மாதிரி அரிக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் எச்சில் வற்றிவிடுகிறது, தாடை இறுகிப் பற்கள் நறநறவென்று தேய்கின்றன, வறண்ட வாய்க்கு இனிப்புச் சோடா குடித்துக்கொண்டே இருக்கிறார்கள், நாள்கணக்கில் பல் துலக்குவதில்லை. இவை நான்கும் சேர்ந்து செய்யும் வேலை அது. தோல் புண்ணும் அப்படித்தான். தோலுக்கடியில் பூச்சி ஊர்வதுபோல் தோன்றும், அதை நோண்டி நோண்டியே புண்ணாகும்.

கசின்ஸிடம் இவை பெரிதாக ஏன் தெரியவில்லை? சாப்பாடு, தூக்கம், பல் மருத்துவம், பயிற்சி என்று ஒரு கிளப் முழுவதும் அவர் உடம்பைப் பராமரித்துக்கொண்டிருந்தது. ஷெரிஃப் அலுவலகப் படங்களில் வரும் முகங்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. அந்த முகங்களில் பாதி வறுமையும் தெருவாழ்க்கையும் எழுதியவை என்றே நினைக்கிறேன்.

மூளைக்கு ஆகும் சேதத்துக்கு இந்தப் பராமரிப்பு எதுவும் உதவாது. அமெரிக்க ஆய்வாளர் நோரா வோல்கோவின் குழு 2001-ல் மெத்தை விட்டவர்களின் மூளையை ஸ்கேன் செய்தது. டோபமினைத் திரும்ப இழுக்கும் வாசல்கள் குறைந்திருந்தன. அவர்களில் சிலரை ஓராண்டுக்கு மேல் போதையில்லாமல் இருந்த பிறகு திரும்ப ஸ்கேன் செய்தபோது வாசல்கள் கணிசமாக மீண்டிருந்தன. ஆனால் நினைவாற்றலும் கைவேகமும் அதே அளவுக்கு மீளவில்லை. இந்த வேகத்தையும் மாலிபு கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூளை கேட்பது ஒரு வருடம், ஒன்றரை வருடம். கால்பந்துப் பருவம் கொடுத்தது மார்ச்சிலிருந்து ஜூலை வரை.

ஓய்வுக்குப் பிறகு

தடை முடிந்ததும் 2008 டிசம்பரில் ரிச்மண்ட் அணி அவரை எடுத்தது. அடிக்கடி சிறுநீர்ச் சோதனை, முடிச் சோதனை என்ற கடும் நிபந்தனைகளோடு இரண்டு பருவம் ஆடினார். 2010-ல் ஓய்வு. மொத்தம் 270 ஆட்டங்கள்.

அந்த இரண்டு வருடத்தில் அவர் ஓரளவு நின்றதை யோசித்துப் பார்க்க வேண்டும். சோதனை இருந்தது, தேதி இருந்தது, தவறினால் என்ன போகும் என்பது தெளிவாக இருந்தது, தவறாமல் இருந்தால் சனிக்கிழமை ஆட்டம் கிடைத்தது. ஓய்வு பெற்ற அன்று இவை அத்தனையும் ஒரே நேரத்தில் நின்றன. 32 வயது. காலையில் எழுந்து போக இடம் இல்லை. விளையாட்டு வீரர்களின் ஓய்வைப் பற்றி நாம் பேசுவது பாராட்டு விழாவோடு முடிந்துவிடுகிறது. பழக்கம் உள்ளவருக்கு அடுத்த நாள் காலைதான் ஆபத்தானது.

2012 ஜனவரியில் போதையால் வந்த மனப்பிறழ்வுக்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதாகச் செய்தி வந்தது. மார்ச்சில் எஸ்பெரன்ஸ் விமான நிலையத்தில் மெத்தோடு கைது. 2016 ஜூனில் குழம்பிய நிலையில் கேனிங் நெடுஞ்சாலையில் நின்று வாகனங்களுக்கு வழிகாட்டிக்கொண்டிருந்தவரைப் போலீஸ் மருத்துவமனைக்குக் கொண்டுபோனது.

ஐஸ் தரும் மனப்பிறழ்வு எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதில்லை. யாரோ பின்தொடர்கிறார்கள், வீட்டில் கேமரா வைத்திருக்கிறார்கள், ரேடியோ என்னைப் பற்றிப் பேசுகிறது என்ற உறுதியான நம்பிக்கை. குரல்கள். ஆஸ்திரேலிய ஆய்வாளர் ரெபெக்கா மெக்கெட்டின் ஒரே ஆட்களைப் பல மாதங்கள் பின்தொடர்ந்து 2013-ல் வெளியிட்ட ஆய்வில், மெத் எடுக்கும் மாதங்களில் இத்தகைய அறிகுறிகள் வரும் வாய்ப்பு எடுக்காத மாதங்களைவிட ஐந்து மடங்கு. இன்னொரு சங்கடமும் உண்டு. போருக்குப் பிந்தைய ஜப்பானில், கடையில் கிடைத்த மெத் மாத்திரைகளும் ஊசிகளும் பெரும் கொள்ளைநோயாகப் பரவியபோது அங்குள்ள மருத்துவர்கள் கவனித்தது இது: ஒருமுறை மனப்பிறழ்வு வந்து தேறியவருக்கு, பல காலம் கழித்துக் கொஞ்சம் எடுத்தாலே அது திரும்ப வரும். சிலருக்குப் பெரிய மன அழுத்தமே போதும். உடம்பு மருந்துக்குப் பழகிவிடும், இந்த விஷயத்தில் மட்டும் மூளை நேர் எதிராக நடந்துகொள்கிறது.

வீட்டில் நடந்தது

கசின்ஸின் வரலாற்றில் எனக்கு எழுதக் கடினமான பகுதி இது. 2017 மார்ச்சில் நீதிமன்றம் அவருக்கு 12 மாதச் சிறை விதித்தது. முன்னாள் துணைவியைத் தொடர்ந்து துரத்தித் தொல்லை கொடுத்தது, நெருங்கக் கூடாது என்ற நீதிமன்றத் தடையை மீறியது, மெத் வைத்திருந்தது ஆகியவை குற்றங்கள். அந்தப் பெண் அவருடைய இரண்டு குழந்தைகளின் தாய். 2018 ஜனவரியில் பரோலில் வெளியே வந்தார். ஆகஸ்டில் மறுபடி கைது, மறுபடி பல மாதம் உள்ளே.

வீழ்ந்த நாயகன் என்று எழுதப்பட்ட கட்டுரைகளில் இந்தப் பெண்ணும் குழந்தைகளும் ஒரு வரியில் வந்துபோவார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. ஒரு வீட்டில் ஐஸ் இருக்கும்போது அதைப் புகைக்காதவர்களும் தூக்கம் இழக்கிறார்கள், போன் அடித்தால் நடுங்குகிறார்கள், பூட்டை மாற்றுகிறார்கள். மெக்கெட்டின் 2014-ல் வெளியிட்ட ஆய்வில், மெத் எடுக்கும் காலத்தில் அதே நபர் வன்முறையில் இறங்கும் வாய்ப்பு எடுக்காத காலத்தைவிட ஆறு மடங்கு. அடிக்கடி எடுத்தால் இன்னும் அதிகம். இந்தக் கணக்கு குற்றத்தை மன்னிக்கச் சொல்லவில்லை, நீதிமன்றமும் மன்னிக்கவில்லை. பக்கத்தில் இருப்பவருக்கு முதலில் தேவைப்படுவது பாதுகாப்பு என்பதைத்தான் இது உறுதி செய்கிறது. “அவன் நல்லவன், மருந்துதான் அப்படிச் செய்ய வைக்கிறது” என்று சொல்லி ஒரு மனைவியையோ தாயையோ அந்த வீட்டிலேயே இருக்கச் சொல்வது தவறு. சொல்வது உண்மையாகவே இருந்தாலும் தவறு.

இதற்கிடையே அந்த நாடும் மாறியிருந்தது. மெத் எடுக்கும் ஆஸ்திரேலியர்களில் தூளை விட்டுப் படிகமான ஐஸையே முதன்மையாக எடுப்போர் 2010-ல் 22 சதவீதம், 2013-ல் 50 சதவீதம். 2016-ல் சாக்கடைக் கழிவுநீரில் போதைப்பொருள் அளவைக் கணக்கிடும் தேசியத் திட்டம் தொடங்கியபோது மெத் நுகர்வில் முன்னணியில் நின்றது கசின்ஸின் சொந்த மாநிலமான மேற்கு ஆஸ்திரேலியா. பழக்கத்தை விட்டு வெளியே வருபவர் திரும்பப் போவது அந்தத் தெருவுக்கும் அந்த நண்பர்களிடமும்தான்.

சிகிச்சை

ஹெராயினுக்கு மெத்தடோன் இருப்பதுபோல் ஐஸுக்கு அங்கீகரிக்கப்பட்ட மாற்று மருந்து எதுவும் கிடையாது. 2021-ல் வெளியான ஒரு பெரிய அமெரிக்கச் சோதனையில் நால்ட்ரெக்சோன் ஊசியும் புப்ரோப்பியான் மாத்திரையும் சேர்த்துக் கொடுத்தார்கள். பலன் கண்டவர்கள் 13.6 சதவீதம். வெற்று மருந்து பெற்றவர்களில் 2.5. வித்தியாசம் உண்மைதான், ஆனால் சிறியது.

தங்கிச் சிகிச்சை பெறும் மறுவாழ்வு மையங்களைப் பற்றியும் மெக்கெட்டின் குழு ஆஸ்திரேலியாவிலேயே அளந்திருக்கிறது. அப்படித் தங்கிச் சிகிச்சை பெற்ற 100 பேரை எடுத்தால், சிகிச்சை கிடைக்காமல் இருந்திருந்தால் விட்டிருக்கக்கூடியவர்களைவிடக் கூடுதலாக 33 பேர் மூன்று மாதம் முழுதும் தொடாமல் இருக்கிறார்கள். ஓராண்டில் அந்தக் கூடுதல் 14. மூன்றாண்டில் 6. மையம் வேலை செய்கிறது, வெளியே வந்த பிறகு தொடர்ந்து பிடித்துக்கொள்ள ஆள் இல்லை என்று நான் இதைப் படிக்கிறேன். கசின்ஸ் மாலிபுவில் தோற்றார் என்று எழுதியவர்கள் இந்த எண்களைப் பார்க்கவில்லை.

இருப்பதில் அதிகச் சான்றுள்ள முறை சிறு வெகுமதி முறை. வாரத்துக்கு இரண்டு முறை சிறுநீர் கொடுக்க வேண்டும். சுத்தமாக இருந்தால் உடனே ஒரு சிறிய பரிசுச் சீட்டு. தொடர்ந்து சுத்தமாக இருந்தால் தொகை ஏறும். இடையில் தவறினால் முதலிலிருந்து. போதைக்கு அடிமையானவருக்குக் காசா என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் மருத்துவத் துறை 2011-லிருந்து இதைச் செய்கிறது. கலிஃபோர்னியா 2023-ல் ஏழைகளுக்கான அரசு மருத்துவத் திட்டத்திலேயே சேர்த்தது. மெத்தால் மழுங்கிய மூளைக்கு ஒரு வருடம் கழித்து வரும் நல்வாழ்வு தெரியாது, இன்றைக்கே கையில் கிடைக்கும் சின்னப் பரிசு தெரியும். ரிச்மண்டில் சோதனையும் சனிக்கிழமை ஆட்டமும் கசின்ஸுக்குச் செய்தது கிட்டத்தட்ட இதைத்தான், யாரும் அதைச் சிகிச்சை என்று திட்டமிடாமலே.

சறுக்கலை எப்படிப் பார்ப்பது என்பதும் முக்கியம். கசின்ஸ் ஒவ்வொரு முறை விழுந்தபோதும் ஊடகம் அதைக் கடைசி அத்தியாயமாக எழுதியது. 2007-ல் எழுதியது, 2012-ல் எழுதியது, 2017-ல் எழுதியது. நீண்டகால நோய் ஒன்றில் திரும்ப விழுவது எதிர்பார்க்க வேண்டிய விஷயம். சர்க்கரை ஏறிய நோயாளியை யாரும் துரோகி என்று அழைப்பதில்லை.

2022-ல் பெர்த்தில் உள்ளூர் அமெச்சூர் கிளப் ஒன்றுக்காகத் திரும்ப மைதானத்தில் இறங்கினார். 2023-ல் பெர்த்தின் செவன் தொலைக்காட்சியில் விளையாட்டுச் செய்தி வாசிக்கத் தொடங்கினார். முதல் மறுவாழ்வு மையத்துக்குப் போனதிலிருந்து 16 ஆண்டுகள், இரண்டு முறை நீண்ட சிறைவாசம், பல மருத்துவமனை நாட்கள். அப்போது அவருக்கு 45 வயது.